13 தங்கம், ஒரே ஒரு பெண் கோச்

முதலிலேயே ஒரு சின்ன விளக்கம். கைப்பந்து என்றால் நம்ம ஊரில் வாலிபால்தான் ஞாபகம் வரும். அதனால் இந்தப் பதிவு முழுக்க ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். பக்கத்துக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீள மைதானம், 30 நிமிடமாக இரண்டு பாதி, கையால் எறிந்து கோல். வடக்கு, கிழக்கு ஐரோப்பாவில் இதற்கு இருக்கிற மவுசு நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

மகளிர் ஹேண்ட்பால் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976 மாண்ட்ரியலில். 2024 பாரிஸ் வரை 13 தங்கம். ஒவ்வொரு தங்கத்துக்கும் நேராக அந்த அணியின் பயிற்சியாளர் பெயரை எழுதிப் பார்த்தேன். சோவியத் அணியின் இகோர் துர்ச்சின் இரண்டு முறை, டென்மார்க்கின் உல்ரிக் வில்பெக், பிறகு யான் பித்லிக் இரண்டு முறை, ரஷ்யாவின் த்ரெஃபிலோவ், பிரான்சின் க்ரும்ப்ஹோல்ட்ஸ்... எல்லாரும் ஆண்கள். 2008 பெய்ஜிங்குக்கு நேரே மட்டும் ஒரு பெண்ணின் பெயர்: நார்வேயின் மாரிட் ப்ரைவிக்.

1955-இல் லெவாங்கர் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். 1975 முதல் 1983 வரை நார்வே அணிக்காக 140 ஆட்டம், 286 கோல். ஆனால் அந்தக் காலத்து நார்வே ஒன்றும் வல்லரசு இல்லை. ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. நாட்டுக்கு முதல் உலகக்கோப்பைப் பதக்கம், அதுவும் வெண்கலம், வந்தது 1986-இல். இவர் விளையாட்டை விட்ட பிறகு. 140 ஆட்டம் ஆடியும் கழுத்தில் ஒரு பதக்கம் விழாதவர் 1994-இல் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அடுத்த சில வருடம் எதிரே நின்றது டென்மார்க். 1996 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோல்வி. 1997 உலகக்கோப்பை இறுதியில் 20-33. இறுதி ஆட்டத்தில் 13 கோல் வித்தியாசம் என்பது தோல்வி இல்லைங்க, அவமானம். பல நாடுகளில் மறுநாளே கோச் வீட்டுக்குப் போயிருப்பார். நார்வே இவரை வைத்துக்கொண்டது. மறு வருடமே ஆம்ஸ்டர்டாமில் அதே டென்மார்க்கை 24-16 என்று அடித்து ஐரோப்பியக் கோப்பை. 1999-இல் லில்லஹாமரில், சொந்த மண்ணில், இரண்டு கூடுதல் நேரம் போய் பிரான்சை 25-24 என்று ஜெயித்து உலகக்கோப்பை.

ஒலிம்பிக் மட்டும் கைக்கு வரவே இல்லை. 1996-இல் நான்காம் இடம், 2000-இல் வெண்கலம். 2003 உலகக்கோப்பையில் ஆறாவது இடம்தான் கிடைத்தது, அதனால் 2004 ஏதென்ஸுக்குத் தகுதியே பெறவில்லை. பத்து வருடம் பதவியில் இருந்த கோச்சை மாற்ற இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அப்போதும் மாற்றவில்லை.

இவருடைய பாணியைப் புரிந்துகொள்ள டைம்-அவுட்டைப் பார்க்க வேண்டும். கோச் ஒரு பச்சை அட்டையை மேஜையில் வைத்தால் ஆட்டம் ஒரு நிமிடம் நிற்கும். ரஷ்யாவின் த்ரெஃபிலோவ் அந்த ஒரு நிமிடமும் கத்துவார். யூட்யூபில் இன்றைக்கும் அந்த வீடியோக்களை ஆட்கள் சிரிப்புக்காகப் பார்க்கிறார்கள். ப்ரைவிக் வீராங்கனைகளைப் பேசவைப்பார். பொறுப்பை அவர்களிடமே பிரித்துக் கொடுப்பதுதான் அவர் முறை. சும்மா சொல்லக்கூடாது, த்ரெஃபிலோவ் முறையும் ஜெயித்தது. 2007 உலகக்கோப்பை இறுதியில் ரஷ்யா 29, நார்வே 24. ஆகவே அன்புதான் வெல்லும் என்றெல்லாம் எழுத மாட்டேன்.

ஆனால் 2008 பெய்ஜிங் அரையிறுதியைச் சொல்லியே ஆகணும். எதிரே தென்கொரியா. கடைசி நொடிகளில் கொரியா சமன் செய்துவிட்டது, 28-28. டைம்-அவுட் கேட்டு உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. நார்வே பெண்கள் நடுக்கோட்டிலிருந்து உடனே பந்தை எடுத்தார்கள், கிரோ ஹம்மர்செங் எறிந்தார், உள்ளே போனது. நேரம் முடிவதற்குள் பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டவில்லை என்று கொரியா முறையிட்டது. சர்வதேசக் கூட்டமைப்பு அதைத் தள்ளுபடி செய்தது. கொரியாக்காரர்களுக்கு அந்த வலி நியாயமானதுதான். என் கண்ணில் பட்டது வேறு: அந்தச் சில நொடியில் யாரும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்க அவகாசமே இல்லை. முடிவெடுத்துப் பழகியவர்களுக்குத்தான் அந்த வேகம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இறுதி ஆட்டத்தில் எதிரணி? அதே ரஷ்யா, அதே த்ரெஃபிலோவ். நார்வே 34-27. அந்த டிசம்பரிலேயே ஸ்பெயினை 34-21 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. 2009-இல் ப்ரைவிக் விலகினார். 15 வருடத்தில் 13 பதக்கம், அதில் ஆறு தங்கம்.

அவருக்குப் பிறகு வந்தவர் 2001 முதல் அவருடைய உதவியாளராக இருந்த ஐஸ்லாந்துக்காரர் தோரிர் ஹெர்கெய்ர்சன். திறமைசாலி, சந்தேகமே இல்லை. 2012, 2024 என்று இரண்டு ஒலிம்பிக் தங்கம். அவருக்குப் பிறகு வந்தவரும் ஆண்தான், ஓலே குஸ்தாவ் யெக்ஸ்தாத். இத்தனைக்கும் உலகக்கோப்பை, ஒலிம்பிக் எல்லாம் ஜெயித்த பெண்கள் நார்வேயில் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். ஆடத் தெரிந்தவர் எல்லாம் கோச் ஆக முடியாது என்பது சரி. ஆனால் அந்த விதி ஆண்களுக்கும் பொருந்தணும் இல்லையா?

பாரிஸ் 2024 இறுதி ஆட்டத்தில் நார்வே பிரான்சை 29-21 என்று வென்றது. அன்றைக்கு அணியில் கோல்கீப்பர் கத்ரினா லுண்டெ இருந்தார், வயது 44. பெய்ஜிங்கில் ப்ரைவிக் அணியில் இருந்த அதே லுண்டெ.