குருதி உறைவும் குறைமாத உயிர்களும்: ஒரு மருந்தின் எல்லை

உடலுக்கு வெளியே உயிரைக் காக்கும் இயந்திரத்தின் வரலாறு ஒரு குருதிக்கட்டியிலிருந்து தொடங்குகிறது. 1930-31 காலத்தில், பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில், நுரையீரல் தமனி அடைபட்டுக் கிடந்த ஒரு பெண்ணின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தார் ஜான் கிப்பன் என்னும் இளம் மருத்துவர். அப்பெண் பிழைக்கவில்லை. குருதியை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்த முடியாதா என்று அன்று அவருக்குள் எழுந்த வினா, 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் இதய-நுரையீரல் இயந்திரமாக வெற்றி கண்டது.

ஆனால் அந்நியப் பரப்பைத் தொட்டதும் குருதி உறையத் தொடங்கும். அதைத் தடுத்த மருந்து ஹெப்பாரின். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஜே மக்லீன் தேடியது குருதியை உறையவைக்கும் பொருளை. நாயின் ஈரலில் கிடைத்ததோ உறைவைத் தடுக்கும் பொருள். அத்தடத்தில் சென்ற அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹோவெல், 1918இல் ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெப்பாரின் என்ற பெயரை அமைத்தார்.

1975இல் ராபர்ட் பார்ட்லெட் கலிபோர்னியாவில் ஒரு பச்சிளங்குழந்தையை எக்மோ கருவியால் காப்பாற்றினார். எனினும் அக்கதவு எல்லாக் குழந்தைகளுக்கும் திறக்கவில்லை. 24 வாரங்களில் பிறக்கும் சிசுவின் எடை ஏறத்தாழ 600 கிராம். உடலிலுள்ள குருதி சுமார் 50 முதல் 60 மில்லிலிட்டர். அதன் மூளையின் உள்ளறைகளை ஒட்டிய நுண்குழல்கள் மிக மெல்லியவை. ஹெப்பாரின் கொடுத்தால் மூளைக்குள் குருதி கசியக்கூடும். கொடாவிடில் குழாய்க்குள் உறையும். ஆகவேதான் பொதுவாக 34 வாரங்களுக்கும் 2 கிலோவுக்கும் குறைந்த குழந்தைகளுக்கு எக்மோ தவிர்க்கப்பட்டு வந்துள்ளது. இயந்திரத்தைச் சாத்தியமாக்கிய மருந்தே அதன் எல்லையையும் வகுத்தது.

2017இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், கருவளர்ச்சி முற்றாத ஆட்டுக்குட்டிகளைத் திரவப் பையில் நான்கு வாரங்கள் வரை வளர்த்துக் காட்டினர். தனி இறைப்பி இல்லை. குட்டியின் இதயமே குருதியை ஆக்சிஜனேற்றிக்குச் செலுத்தியது. அங்கும் ஹெப்பாரின் தேவைப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ வேறொரு திசையில் முயல்கின்றனர். நம் குருதிக்குழாய்களின் உட்சுவர் இடையறாது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கிறது. செயற்கைக் குழாயின் உட்பரப்பையும் அவ்வாறே சுரக்கச் செய்வது அவர்கள் நோக்கம். மனிதச் சிசுக்களுக்கு இவை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

இயந்திரத்துக்கு ஏற்பக் குருதியை மாற்றுவதே இந்நெடும் வரலாற்றின் பொதுப்போக்கு. குருதிக்கு ஏற்ப இயந்திரத்தை மாற்றும் முயற்சி வெல்லுமா என்பதைப் பொறுத்தே மிகச் சிறிய உயிர்களுக்கு அக்கதவு திறக்கும்.