சாள்ஸ் என்னும் பெயர்

மரபுவழி வந்த மக்கட் பெயர்களை ஆராயுமிடத்துச் சொல்லின் வரலாறும் சமுதாயத்தின் வரலாறும் ஒருங்கே புலனாகும். ஐரோப்பாவிலே பெருவழக்கினதாகிய சாள்ஸ் என்னும் ஆண்பாற் பெயர் இதற்குத் தக்க சான்று. இங்கிலாந்திலே 1649ஆம் ஆண்டு சிரச்சேதம் செய்யப்பட்ட மன்னரும், 2022ஆம் ஆண்டு அரசுரிமை எய்திய மன்னரும் இப்பெயரினரே. ஆதலின், இஃது அரசரைச் சுட்டப் பிறந்த பெயரென எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது.

பண்டை யேர்மானியக் கிளைமொழிகளிலே 'கார்ல்' என்பது ஆண்மகன் என்னும் பொருளது. பிரபுவும் அடிமையும் அல்லாத குடியானவனையும் அச்சொல் குறித்தது. பழைய நோர்ஸ் மொழிப் பாடலாகிய 'ரீக்ஸ்தூலா' மாந்தரை அடிமை, கார்ல், பிரபு என மூவகையாக வகுத்து, உழுது பயிரிடும் குடிகளின் முதல்வனாகக் கார்லைக் கூறுகின்றது. இலத்தீனில் எழுதினோர் இச்சொல்லைக் 'கரோலுஸ்' என்றனர். பிரெஞ்சு மொழியில் முதலெழுத்துத் திரிந்தது. அவ்வழியே ஆங்கிலத்தில் 'சாள்ஸ்' வந்தது. யேர்மனியரோ பழைய வடிவத்தையே போற்றினர்.

இப்பெயரை உயர்த்தியவன் 768 முதல் 814 வரை ஆண்ட பிராங்கிய மன்னனாகிய மகா சாள்ஸ் ஆவான். 800ஆம் ஆண்டு நத்தார்த் திருநாளன்று உரோமாபுரியிலே பாப்பரசர் மூன்றாம் லியோ அவனுக்குப் பேரரசனாக முடிசூட்டினார். அவனுடைய கீழெல்லைக்கு அப்பால் வாழ்ந்த சிலாவியர் அவன் படைவலியை நேரிற் கண்டவர். அவர்கள் வாயிலே அவன் பெயரே அரசன் என்பதற்குரிய பொதுச்சொல் ஆயிற்று என்பர் மொழிநூலார் பலர். செக் மொழியில் 'க்ரால்', போலந்து மொழியில் 'க்ருல்', உருசிய மொழியில் 'கரோல்' ஆகியன யாவும் அரசன் எனப் பொருள்படுவனவே. சிலாவிய மொழிகளுக்கே உரிய ஒலிமாற்றம் இச்சொல்லிலும் நிகழ்ந்திருத்தலின், அம்மாற்றத்தின் காலத்தைக் கணித்தற்கும் இஃது உதவுகின்றது. சீசரின் பெயர் யேர்மனியிற் 'கைசர்' எனவும் உருசியாவிற் 'சார்' எனவும் பட்டமானமை ஒப்புநோக்கற்பாலது.

அதே சொல்லின் மற்றொரு கிளை இங்கிலாந்திலே தாழ்வுற்றது. பழைய ஆங்கிலத்தில் 'சேஓர்ல்' எனப்பட்டவன் சட்டவுரிமையுடைய குடிமகன். அவனைக் கொன்றவன் செலுத்தவேண்டிய ஈட்டுத்தொகை வெசெக்ஸ் நாட்டுச் சட்டப்படி 200 சில்லிங்காகும். 1066ஆம் ஆண்டு நோர்மானியர் நாட்டைக் கைப்பற்றிய பின்னர், அத்தகையோருட் பெரும்பாலோர் நிலக்கிழாருக்குக் கட்டுண்ட பண்ணைக் குடிகளாயினர். அவர்களோடு அச்சொல்லும் இழிந்தது. இன்றைய ஆங்கிலத்தில் 'சேர்ல்' என்பது பண்பற்ற முரடனைக் குறிக்கும் வசைமொழி. நறுமணத்தை உணர்த்திய 'நாற்றம்' என்னும் தமிழ்ச்சொல் தீநாற்றத்திற்கே உரியதானமை போன்ற இழிபொருட்பேறு இது. ஆயின், இங்கே சொல்லோடு ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வும் தாழ்ந்தது.

ஒரு வேரினின்று கிளைத்த சொற்களுள் ஒன்று முடிசூடியது, மற்றொன்று வசையாயிற்று. அவற்றைத் தாங்கியோர் பெற்ற அதிகாரமும் இழந்த உரிமையுமே இவ்வேற்றுமைக்குக் காரணமாம். அரச வமிசங்களின் அட்டவணையை மனனஞ் செய்யும் மாணவர், அவ்வட்டவணையிலுள்ள பெயரொன்றினுள்ளே ஏர்பிடித்த குடியானவனும் மறைந்து நிற்கின்றான் என்பதை நினைவிற் கொள்வாராக.