பொருநை, தாமிரபரணி: முத்தோடு போன பெயர்

சாத்தான்குளத்துக்குப் பக்கத்து ஆறு கருமேனியாறு. மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். அதனால் வெறுமனே ‘ஆறு’ என்றால் எங்கள் மனதில் எழுவது வடக்கே ஓடும் தாமிரபரணிதான். பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, நெல்லை மாநகரின் நடுவே புகுந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். பெயர் போன தூரமோ மிகப் பெரிது.

வடமொழியில் ‘தாம்ரம்’ செம்பு, சிவப்பு, ‘பர்ணம்’ இலை. செந்தளிர் மரங்கள் அடர்ந்த கரை என்று சிலர் பொருள் சொல்வார்கள். ‘தாமிரவருணி’ என்று எழுதுவோர் செம்பு நிறத்தாள் என்பார்கள். அகத்தியருக்குக் கிடைத்த செந்தாமரை மாலை பெண்ணாகி ஆறானது என்பது புராணம். தண்ணீரில் செம்புச் சத்து இருக்கிறது என்பது ஊர்ப்பேச்சு. பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டிய விளக்கமாகவே அது எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்ப் பெயர் பொருநை. ஆற்றங்கரைக் குருகூரில் பிறந்த நம்மாழ்வார் ‘பொருநல்’ என்கிறார். ‘தண்பொருநை’யே வடமொழி வாயில் தாம்ரபர்ணி ஆயிற்று என்று வாதிடுவோர் உண்டு. ஒலி ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் சங்கப் பாடல்களில் கருவூரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொருநை, ஆன்பொருநை எனப்படும் இன்றைய அமராவதி. அதை மறந்து, பொருநை என்று கண்ட இடமெல்லாம் நெல்லைக்கு இழுத்துவருவது நியாயமில்லை. ஒரு பெயரிலிருந்து மற்றது பிறந்தது என்பதைவிட, இரண்டும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வடமொழிப் பெயரை ஊரூராகக் கொண்டுபோனது முத்து. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைப் பட்டியலிடும்போது ‘தாம்ரபர்ணிக’த்தை முதலில் வைக்கிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்து முத்தைப் பாண்டியர் ரகுவுக்குத் திறையாகக் கொடுத்ததாகக் காளிதாசன் ரகுவம்சத்தில் பாடுகிறான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரைச் சொல்லிவிட்டுத் ‘தம்பபண்ணி’ வரை என்கிறது. அது இலங்கை என்பதே அறிஞர் பலரின் முடிவு. கிரேக்கர் அதே தீவைத் தப்ரபனே என்றார்கள்.

இலங்கைக்கு இளவரசன் விஜயனோடு வந்தவர்கள் களைத்துத் தரையில் கையூன்ற, உள்ளங்கை சிவந்ததால் தீவுக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது மகாவம்சம். எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் கையூன்றி எழுந்தவருக்கு அந்தச் சிவப்பு புதிதல்ல. பெயர் ஆற்றிலிருந்து தீவுக்குப் போனதா, தீவிலிருந்து ஆற்றுக்கு வந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடப்பது மன்னார் வளைகுடா. அதன் இரு கரையிலும் முத்துப் பார்கள், இரு கரையிலும் சலாபம் எனும் முத்துக்குளிப்பு. வியாபாரி இரண்டையும் ஒரே பெயரால் அறிந்ததில் வியப்பில்லை.

1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் இந்தப் பெயரை விரிவாக ஆராய்ந்தவர். பழங்காலப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் ‘சோலேன்’ ஆறு தாமிரபரணியே என்றவரும் அவர்தான். முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்க்க, வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது, பிறகு புன்னைக்காயலுக்கு.

அன்று ஆறு கொண்டுவந்தது வண்டல். இன்று பாபநாசத்தில் பரிகாரக் குளியல் முடித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளியும் ஓயவில்லை. நெல்லையில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. பூவின் பெயர் கொண்ட துறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024இல் நேரில் வந்து பார்த்தார்கள். தூத்துக்குடி மாநகருக்குக் குடிநீர் எடுக்கும் வல்லநாடு, நெல்லைக்குக் கீழே இருக்கிறது. மேலே கொட்டுவதைக் கீழே குடிக்கிறோம்.

பெயருக்கு மட்டும் மரியாதை குறையவில்லை. 2018இல் மகா புஷ்கரம் என்ற ஆற்று நீராடல் விழா நடந்தது. ஆற்றுப்படுகையில் உள்ள சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 எனக் காலக்கணிப்பில் தெரிந்ததும், 2021இல் சட்டமன்றத்தில் பொருநை அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தாழிக்குக் கிடைக்கும் காவல் ஆற்றுக்கும் கிடைக்க வேண்டும். சாக்கடை விழும் துறைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அடைப்பது மாநகராட்சியால் முடியாத வேலையும் அல்ல.

2009இல் தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய் எங்கள் பக்கத்து எம்.எல். தேரி வரை வருகிறது. அது கன்னடியன் அணைக்கட்டில், நெல்லைக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே வெள்ளக் காலத்தில் எங்கள் செம்மண்ணுக்கு வருவது நெல்லைச் சாக்கடை கலக்காத பொருநை. முத்தால் அந்தப் பெயரை உலகுக்குச் சொன்ன முகத்துவாரத்துக்குப் போவதுதான் சாக்கடை கலந்தது.