கட்டளைகளின் தேடற்பாதை: ஒரு வரலாற்று நோக்கு

கணினியில் ஒருவர் ஒரு கட்டளைச் சொல்லைத் தட்டச்சிடுகையில், அதற்குரிய செய்நிரல் வட்டில் எங்குள்ளது என்பதை அவர் கூறுவதில்லை. முறைமையே அதனைத் தேடிக் காண்கின்றது. எவ்வெவ் அடைவுகளில், எவ்வரிசையில் தேடவேண்டும் என உரைக்கும் பட்டியலே தேடற்பாதை எனப்படும். வசதி கருதித் தோன்றிய இப்பட்டியல், எவரை நம்புவது என்னும் வினாவுக்கு விடையாக மாறியமையே இவ்வரலாற்றிற் கருதத்தக்கது.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமையில், தேடற்பாதை தொடக்கத்திற் பயனர் கையில் இருக்கவில்லை. கட்டளைகளைப் பெற்று இயக்கும் 'ஷெல்' என்னும் செய்நிரலினுள்ளேயே அது பொதிந்திருந்தது. 1975இன் ஆறாம் பதிப்பில், பயனர் நின்ற அடைவு முதலிலும், 'பின்' என்னும் அடைவு அடுத்தும், பயனர் பகுதியினுள் அமைந்த மற்றொரு 'பின்' இறுதியிலும் தேடப்பட்டன. ஒரே பெயரில் ஈரடைவுகள் ஏன்? வட்டுக்களின் சிறுமையே காரணம். அக்காலத்து ஆர்.கே. 05 வட்டு ஏறத்தாழ 2.5 மெகாபைற்றையே கொள்ளும். இடம் போதாத செய்நிரல்கள் பயனர்களின் கோப்புகள் இருந்த வட்டுக்குப் பெயர்ந்தன. இட நெருக்கடியாற் பிறந்த இப்பிரிவுக்குப் பின்வந்தோர் தத்துவ விளக்கங்கள் பல கற்பித்தனர்! 2012இல் வெளிவந்த பெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது.

1979இன் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், இப்பட்டியலைப் பயனர் மாற்றத்தக்க சூழல் மாறியாக்கியது. அடைவுகளை முக்காற்புள்ளி பிரித்தது. தன் அடைவை முன்வைத்தவர், முறைமையின் கட்டளையை மறைத்துத் தம்முடையதை இயக்க முடிந்தது. இது பெரும் விடுதலையே. எனினும் தொடக்கப் பட்டியலில் முதலிடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. வெறுமை, பயனர் நிற்கும் அடைவைக் குறித்தது. பலர் பகிரும் கணினியில் இதன் விளைவு யாது? கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையின் பெயரிலேயே ஒருவர் போலிச் செய்நிரலொன்றைத் தம் அடைவில் வைக்கலாம். முழு அதிகாரம் பெற்ற நிர்வாகி அங்கு வந்து அக்கட்டளையை இடுவாராயின், போலியானது அவரது அதிகாரத்துடன் இயங்கும். பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. வரிசை ஒன்றே போதுமானதாயிற்று. ஆதலால் நிற்கும் அடைவு முதலிற் பட்டியலின் இறுதிக்குத் தள்ளப்பட்டது. பின்னர் பெரும்பாலும் நீக்கப்பட்டது. இன்று லினக்ஸில் தாம் எழுதிய செய்நிரலுக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இடவேண்டியிருப்பதை மாணவர் சலித்துக்கொள்வதன் மூலம் இதுவே.

மேசைக் கணினியின் கதை வேறு. 1983இல் மைக்ரோசொப்ற் வெளியிட்ட டொஸ் 2.0 அடைவுகளையும் தேடற்பாதையையும் கொண்டுவந்தது. முக்காற்புள்ளி வட்டியக்கியின் பெயருக்கு உரியதாகிவிட்டமையால், பிரிப்பதற்கு அரைப்புள்ளி கொள்ளப்பட்டது. ஆயின் பட்டியலிற் கூறப்படாவிடினும் நிற்கும் அடைவே முதலில் தேடப்பட்டது. ஒரே பெயரில் இருவகைக் கோப்புகள் இருப்பின், 'கொம்' வகை 'எக்சி' வகையை முந்தியது. மூலச் செய்நிரலைத் தீண்டாது அதனருகே அதே பெயரில் அமர்ந்து முந்திக்கொள்ளும் துணை நச்சுநிரல்கள் இவ்விதியைப் பயன்படுத்தின. ஒருவரே கையாளும் கணினிக்கு இது தீங்கற்றதெனக் கருதியிருக்கலாம். ஆனால் வட்டுக்கள் கைமாறின. விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் இன்றும் இம்மரபையே பேணுகின்றது. 2006இல் வெளிவந்த பவர்ஷெல், நிற்கும் அடைவிலுள்ள செய்நிரலை வெறும் பெயரால் இயக்க மறுத்தது.