தலைப்பாகையும் தலைமுக்காடும்: கூடைப்பந்து மைதானத்தில் ஒரு விதி மாறிய வரலாறு





பெண் பிள்ளை பருவமடைந்து முக்காடு அணியத் தொடங்கிவிட்டால் அவளுடைய விளையாட்டு முடிந்துவிட்டது என்னும் எண்ணம் விக்கிரமசிங்கபுரத்திலும் நம் தாமிரபரணிக் கரையின் பிற ஊர்களிலும் இன்றும் நிலவுகிறது. காரணம் கேட்டால், "போட்டி விதிகளே முக்காட்டை அனுமதிப்பதில்லையே" என்று சிலர் விடை கூறுவர். கூடைப்பந்தைப் பொறுத்தவரை அவ்விடை ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தது. 2017 அக்டோபர் 1 முதல் அது உண்மையன்று. அந்த மாற்றம் எவ்வாறு வந்தது, அதற்காக யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதை நம் சமுதாயம் அறிந்திருத்தல் வேண்டும். அந்த விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கிய இளைஞர்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஊஹான் நகரில் அவிழ்க்கப்பட்ட தலைப்பாகை

2014 ஜூலை மாதம் சீனாவின் ஊஹான் நகரில் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துப் போட்டி நடைபெற்றது. ஸ்காட் ஃப்ளெமிங் என்னும் அமெரிக்கப் பயிற்சியாளரின் கீழ் இந்திய ஆடவர் அணி அதில் பங்கேற்றது. அவ்வணியின் முதுகெலும்பாக விளங்கியவர்களுள் அம்ரித்பால் சிங், அம்ஜியோத் சிங் ஆகிய இருவரும் அடங்குவர். அதற்கு முன்னர்த் தலைப்பாகையுடனே பன்னாட்டுப் போட்டிகளில் ஆடியவர்கள் அவர்கள். ஆனால் ஊஹானில் ஜப்பானுடனான ஆட்டத்திற்குச் சற்று முன்பாக, தலைப்பாகையை அகற்றினால்தான் களமிறங்க முடியும் என்று அவர்களிடம் கூறப்பட்டது.

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் அன்றைய விதி தலையணிகளைத் தடை செய்திருந்தது. மற்ற ஆட்டக்காரருக்குக் காயம் நேரக்கூடாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 5 சென்டிமீட்டர் அகலம் வரையிலான துணிப்பட்டையை நெற்றியில் கட்டிக்கொள்ள அதே விதி அனுமதித்தது. தலையை மூடும் துணிக்கு மட்டும் அனுமதி இல்லை.

சீக்கியருக்குத் தலைமுடியைக் களையாது பேணுவது சமயக் கடமை. அதனை மூடிக் காக்கும் தலைப்பாகை அவர்களுடைய அடையாளமும் கண்ணியமும் ஆகும். நாட்டுக்காக ஆடுவதா, தலைப்பாகையைக் காப்பதா என்று முடிவெடுக்க அவ்விருவருக்கும் கிடைத்த நேரம் மிகக் குறைவு. அணியைக் கைவிட மனமின்றித் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு அவர்கள் ஆடினர். அதே போட்டித் தொடரில்தான் இந்தியா சீனாவை 65–58 என்ற புள்ளிகளில் வென்றது. இந்தியக் கூடைப்பந்து வரலாற்றில் அது பெரும் வெற்றி. அந்த மகிழ்ச்சியின் ஊடே இந்த வடுவும் இருந்தது.

செய்தி பரவியதும் உலகெங்கும் சீக்கியர்கள் குரல் எழுப்பினர். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களான ஜோ கிரௌலி, அமி பெரா ஆகியோரின் முன்முயற்சியில் பல உறுப்பினர்கள் கையொப்பமிட்டுக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினர். இதன் பின்னர், 2014 செப்டம்பரில் கூட்டமைப்பு சற்று இறங்கிவந்தது. நாடுகளின் உள்நாட்டுப் போட்டிகளில் தலையணிக்குச் சோதனை முறையில் விலக்கு அளிக்கலாம் என்று அறிவித்தது. ஆயினும் பெரிய பன்னாட்டுப் போட்டிகளில் பழைய தடை அப்படியே நீடித்தது.

இஞ்சியோனில் ஆடாமல் திரும்பிய அணி

அந்த அறிவிப்பு வெளியான சில நாட்களிலேயே தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கின. 2014 செப்டம்பர் 24 அன்று கத்தார் மகளிர் கூடைப்பந்து அணி மங்கோலியாவைச் சந்திக்க வேண்டும். முக்காட்டை அகற்றினால்தான் ஆடலாம் என்று நடுவர்கள் கூறினர். கத்தார் வீராங்கனைகள் மறுத்துவிட்டனர். மங்கோலியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. கத்தார் அணி போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது.

அதே ஆசியப் போட்டிகளில் வேறு சில விளையாட்டுகளில் முக்காடிட்ட பெண்கள் தடையின்றிப் பங்கேற்றனர். கால்பந்துக்கும் முன்பு இத்தகைய தடை இருந்தது. 2011இல் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் ஈரானிய மகளிர் அணி முக்காட்டின் காரணமாக ஜோர்தானுக்கு எதிராக ஆட முடியாமல் போனது. 2012இல் கால்பந்து விதிகளை வகுக்கும் அவை சோதனையாக அனுமதி அளித்து, 2014 மார்ச்சில் அதனை நிரந்தரமாக்கியது. கால்பந்தில் ஆபத்தில்லாத துணி கூடைப்பந்தில் மட்டும் எவ்வாறு ஆபத்தாகும் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

பில்கீஸ் இழந்த ஆண்டுகள்

இவ்விதியின் முழுச் சுமையையும் தனி ஒருவராகச் சுமந்தவர் அமெரிக்கச் சகோதரி பில்கீஸ் அப்துல் காதிர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு அவருடைய ஊர். கூடைப்பந்து என்னும் விளையாட்டு 1891இல் பிறந்ததும் அதே ஊரில்தான். பள்ளிப் பருவத்தில் அவர் எடுத்த புள்ளிகள் 3,070. அது அம்மாநிலத்தின் சாதனை. பின்னர் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்கும் அதன்பின் இண்டியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கும் ஆடினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் முக்காட்டுடன் ஆடிய முதல் பெண் அவரே. கல்லூரிப் போட்டிகளில் முக்காடு தடையாக இல்லை.

2014இல் பட்டம் பெற்றபின் ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அங்கே கூட்டமைப்பின் விதி குறுக்கே நின்றது. முக்காட்டைக் களைவதா, வாழ்நாள் கனவைக் களைவதா என்ற சோதனையில் தம் ஈமான் ஆட்டங்கண்டதை அவர் பின்னாளில் வெளிப்படையாகவே பகிர்ந்துகொண்டார். இறுதியில் முக்காட்டைத் தேர்ந்தார். பலருடன் சேர்ந்து விதியை மாற்றக் கோரி இடைவிடாது முயன்றார்.

2017 மே 4 அன்று ஹாங்காங்கில் கூடிய கூட்டமைப்பின் பேரவை புதிய விதியை ஏற்றது. தலையணி வெள்ளை, கருப்பு அல்லது சீருடையின் முதன்மை நிறத்தில் இருக்கலாம். ஓர் அணியில் அனைவருக்கும் ஒரே நிறம். முகத்தை மறைத்தல் கூடாது. முகத்தையோ கழுத்தையோ சுற்றி மாட்டி அவிழ்க்கும் பாகங்கள் இருத்தல் கூடாது. துணியின் எப்பகுதியும் வெளியே நீண்டு தொங்குதல் கூடாது. பிறருக்குக் காயம் நேராமல் காப்பதற்கு இவை போதுமானவை என்றால், முந்தைய முழுத் தடை தேவையற்றதாகவே இருந்திருக்கிறது. பில்கீஸுக்கோ, கல்லூரியை விட்டு மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. விளையாட்டு வீரரின் இளமையில் மூன்று ஆண்டுகள் என்பது சிறிய காலமன்று. தமக்குப் பின் வருவோருக்காகக் கதவைத் திறந்தவர்களுள் ஒருவர் அவர். தாம் அதன் வழியே தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையவில்லை.

அம்ரித்பால் சிங் அதே 2017இல் ஆஸ்திரேலியத் தேசியக் கூடைப்பந்து லீகின் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்றார். அந்த லீகில் அணி ஒன்றால் ஒப்பந்தம் செய்யப்பட்ட முதல் இந்தியர் அவர்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கையை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். யமன் நாட்டு வணிகர் ஒருவருக்கு மக்காவின் செல்வர் ஒருவர் பொருளுக்குரிய விலையைத் தர மறுத்தார். அவ்வணிகருக்கு மக்காவில் குலமோ சுற்றமோ இல்லை. அநீதிக்குள்ளானவர் எக்குலத்தவராயினும் அவருக்குத் துணை நிற்போம் என்று அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சிலர் உறுதி பூண்டனர். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய உடன்படிக்கைக்குத் தாம் அழைக்கப்பட்டால் ஏற்பதாகப் பெருமானார் (ஸல்) கூறினார்கள்.

ஊஹானில் நிகழ்ந்தது சீக்கியரின் பிரச்சினை என்று முஸ்லிம்களும், இஞ்சியோனில் நிகழ்ந்தது முஸ்லிம்களின் பிரச்சினை என்று பிறரும் தனித்தனியே ஒதுங்கி நின்றிருந்தால் இவ்விதி இன்னும் நீண்ட காலம் நிலைத்திருக்கக்கூடும். தலைப்பாகைக்கு ஒரு விதி, முக்காட்டுக்கு வேறொரு விதி என்று பிரிக்காமல் அனைவருக்குமான ஒரே விதியாகத் தீர்வு வந்ததே இதன் சிறப்பு.

இந்த நீதி நம்மையும் கட்டுப்படுத்தும். 2018இல் ஈரானின் ஹமதான் நகரில் ஆசிய அணிகளுக்கான சதுரங்கப் போட்டி நடைபெறவிருந்தது. அங்கே தலைமுக்காடு கட்டாயம் என்பதால் புனேயைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதன் இந்திய அணியிலிருந்து விலகிக்கொண்டார். அப்போது அவரை ஏளனம் செய்த முஸ்லிம்களும் உண்டு. முக்காட்டைக் களையச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அநீதி எனில், விரும்பாத ஒரு பெண்ணுக்கு அதைக் கட்டாயப்படுத்திப் போர்த்துவதும் அநீதியே. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் தரும் கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலகச் செய்யலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. பில்கீஸுக்காக வருந்திய நாம் சௌம்யாவின் உரிமையையும் ஏற்கும்போதுதான் நம் வருத்தம் நீதியின்பாற்பட்டதாகும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. உடல் வலிமையை நம் மார்க்கம் ஆண்களுக்கு மட்டும் உரியதாக்கவில்லை. நம் தெருவில் பிறந்த ஒரு பெண் பிள்ளை, கண்ணியமான உடையுடனும் பாதுகாப்பான சூழலிலும் பள்ளி அணியில் ஆட விரும்பினால், பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் போட்டிக்குச் செல்ல அனுமதி கேட்டால், பெற்றோர் அதை நிதானமாக ஆராயட்டும். பயிற்சியாளர் யார், உடன் செல்பவர் யார், தொழுகை நேரம் தவறாமல் இருக்க வழி என்ன என்பனவெல்லாம் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால் "முக்காட்டுடன் ஆட விதி இடம் தராது" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். அந்த விதியை மாற்றுவதற்காக இருவர் தலைப்பாகை அவிழ்த்த அவமானத்தைத் தாங்கினர். ஒரு நாட்டு அணி ஆடாமலே ஊர் திரும்பியது. ஒரு சகோதரி தம் இளமையின் ஆண்டுகளைக் கொடுத்தார். உலகம் அகற்றிவிட்ட தடையை நம் வீட்டு வாசலில் நாமே மீண்டும் நிறுத்தாதிருப்போமாக.

அநீதிக்குள்ளானவர் யாராயினும் அவர் பக்கம் நிற்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.