ஒற்றை முகவரியின் கீழ் ஒரு கந்தோர்

சிறிய கந்தோர் ஒன்றில் எட்டுக் கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் உள்ளன என்று கொள்க. சுவரோரத்திற் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் பெட்டி ஒன்று அவை அனைத்தையும் இணையத்தோடு தொடுக்கின்றது. அதனை வழிப்படுத்தி என்பது நூல் வழக்கு. ரவுட்டர் என்பது உலக வழக்கு. கந்தோரினுள்ளே ஒன்பது பொறிகளுக்கும் ஒன்பது ஐ.பி. முகவரிகள் உள. வெளியுலகம் அறிந்த முகவரியோ ஒன்றே. எட்டுப் பேர் ஒரே வேளையில் எட்டுத் திசைகளோடு தொடர்புகொண்டிருப்பினும், ஒருவருக்கு வந்த மறுமொழி மற்றொருவர் மேசைக்குத் தவறிப் போவதில்லை. இவ்வொழுங்கு இணையத்தை வகுத்த முன்னோடிகள் கருதிய ஒழுங்கு அன்று. முகவரிப் பஞ்சம் தலைகாட்டியபோது சில ஆண்டுகளுக்கென்று செய்யப்பட்ட ஏற்பாடு, நீங்காது நின்றுவிட்டமையால் விளைந்த ஒழுங்கு இது.

முன்னோடிகள் கருதியது யாது? ஒவ்வொரு கணினிக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத தனி இலக்கம் ஒன்று இருத்தல் வேண்டும். எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் நேரே அழைக்க வேண்டும். இடையிலுள்ள கருவிகள் தகவற் பொதியின் மேலுறையைப் பார்த்து வழிகாட்டுமேயன்றி, அனுப்பியவர் முகவரியையோ பெறுபவர் முகவரியையோ திருத்தலாகாது. 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் வின்ரன் சேர்வும் றொபேட் கானும் வெளியிட்ட கட்டுரையில் வலையமைப்புகளைக் குறிக்க 8 பிற்றுகள் ஒதுக்கப்பட்டன. 256 வலையமைப்புகளுக்கு இடமிருந்தாற் கண்ணுக்கெட்டிய காலம்வரை போதும் என்பதே அன்றைய எண்ணம். 1977இல் முகவரியின் நீளம் பற்றி விவாதம் எழுந்தபோது 128 பிற்றுகள் வேண்டுமென வாதிட்டாரும் இருந்தனர். முடிவுகூறும் பொறுப்பிலிருந்த சேர்வ், 32 பிற்றுகளே அமையும் என்று தீர்த்தார். அது ஒரு பரிசோதனைக்கெனச் செய்த தெரிவென்றும், அப்பரிசோதனை முடிவுறாமலே நீண்டுவிட்டதென்றும் அவர் பிற்காலத்திற் கூறியதுண்டு. 1981 செப்டெம்பரில் ஜோன் பொஸ்ரெல் பதிப்பித்த விதியில் அந்நீளமே நிலைபெற்றது. 1983 ஜனவரி 1ஆந் திகதி ஆர்ப்பாநெற் என்னும் ஐக்கிய அமெரிக்க வலையமைப்பு புதிய நெறிமுறைக்கு மாறியது.

முப்பத்திரண்டு துவித இலக்கங்களால் ஆக்கத்தக்க முகவரிகள் 4,294,967,296. இது சிறு தொகையன்று. ஆயின் அதனைப் பங்கிட்ட முறையிலேதான் குறை இருந்தது. முதல் வகுப்பு வலையமைப்பு ஒன்றுக்கு 16,777,216 முகவரிகள். இரண்டாம் வகுப்புக்கு 65,536. மூன்றாம் வகுப்புக்கு 256. முந்நூறு கணினிகள் வைத்திருந்த நிறுவனத்துக்கு மூன்றாம் வகுப்பு ஒன்று போதாது. அது இரண்டாம் வகுப்பைப் பெற்று அறுபத்தையாயிரத்தை வெறுமையாக விட்டுவைத்தது. இரண்டு பரப்புக் காணி வேண்டினவனுக்குக் குறிச்சி முழுவதையும் எழுதிக் கொடுத்தாற் போன்ற செயல் இது. 1990 ஓகஸ்டில் வன்கூவரிற் கூடிய இணையப் பொறியியலாளர், இரண்டாம் வகுப்பு முகவரிகள் 1994 மார்ச்சுடன் தீர்ந்துவிடும் எனக் கணித்து அறிவித்தனர். 1993 செப்டெம்பரில் வகுப்புப் பிரிவினையே கைவிடப்பட்டு, தேவைக்கேற்ற அளவில் முகவரித் தொகுதிகளை வெட்டிக் கொடுக்கும் முறை விதிக்கப்பட்டது. அது காலத்தை நீட்டியது, பஞ்சத்தை நீக்கவில்லை.

அவ்வேளையிலேதான் ஒரே முகவரியைப் பலவிடத்தும் மீளப் பயன்படுத்தினால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. போல் பிரான்சிஸும் ரோனி எங்கும் 1993இல் இதனை ஓர் ஆய்விதழில் விளக்கினர். 1994 மே மாதத்தில் பிரான்சிஸும் கெல்ட் எகெவாங்கும் எழுதிய முகவரிப் பெயர்ப்பு முறை, இணைய நெறிமுறைகளை இலக்கமிட்டு வெளியிடும் ஆர்.எவ்.சி. வரிசையில் 1631ஆவது ஆவணமாக வந்தது. அதனை ஆக்கியோரே அது குறுகிய காலத் தீர்வு என்று சொல்லியிருந்தமை கருதத்தக்கது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோன் மேயஸ் என்பாரும் பிறான்ற்லி கொயில் என்பாரும் இப்பணிக்கென்றே பிக்ஸ் என்னும் பெட்டியை உருவாக்கினர். அவர்களின் நிறுவனத்தை 1995இல் சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

உள்ளே வழங்குவதற்கென மூன்று முகவரித் தொகுதிகள் 1994 மார்ச்சில் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168 என்று தொடங்குவது ஒன்று. இவற்றுள் 10ஆம் இலக்கத் தொகுதி முன்னர் ஆர்ப்பாநெற்றுக்கு உரியதாயிருந்தது. அவ்வலையமைப்பு 1990இல் மூடப்பட்டபின் ஆளில்லாக் காணியாகிக் கிடந்தது. இத்தொகுதிகளிலுள்ள முகவரிகள் ஊர்தோறும் உள்ள கோயில் வீதி போன்றவை. கோயில் வீதி 14ஆம் இலக்கம் என்றால் ஊருக்குள் தபாற்காரனுக்கு விளங்கும். ஊர்ப்பெயரின்றி அதனை உறையிலெழுதி வெளியூரிலிருந்து அனுப்பினால் எங்கும் போய்ச் சேராது.

இம்முகவரிகளைக் கந்தோரிற் பங்கிடுவதும் வழிப்படுத்தியின் பணியே. இதற்கான நெறிமுறையை 1993 ஒக்டோபரில் றால்வ் டிறோம்ஸ் வெளியிட்டார். புதிதாக இயங்கத் தொடங்கும் கணினி, முகவரி தருவார் உளரோ என்று எல்லோருக்கும் கேட்கக் கூவும். வழிப்படுத்தி ஒன்றைக் காட்டும். கணினி அதனை வேண்டும். வழிப்படுத்தி உறுதி செய்யும். கொடுக்கப்படுவது உடைமையன்று, குத்தகை. தவணையிற் பாதி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்.

இனி, பெயர்ப்பு நிகழும் விதம். 192.168.1.14 என்னும் உள்முகவரியுடைய கணினி, தன் 51000ஆம் துறையிலிருந்து வெளியே ஒரு பொதியை விடுக்கின்றது. துறை என்பது ஒரே கணினியில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிய இடப்படும் இலக்கம். வழிப்படுத்தி, கந்தோர் வாயிலில் அமர்ந்த இலிகிதரைப்போல, அனுப்பியவர் முகவரியை அழித்துக் கந்தோரின் வெளிமுகவரியை, 203.0.113.7 என்று வைத்துக்கொண்டால், அதனை எழுதுகின்றது. துறையையும் 40001 என மாற்றுகின்றது. மேலுறை மாறியதால் பிழை காட்டும் கூட்டெண்களையும் திரும்பக் கணிக்கின்றது. பின்னர் இம்மாற்றத்தைத் தன் பதிவேட்டிற் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி 40001ஆம் துறைக்கு வந்தவுடன் பதிவேட்டைப் புரட்டி 14ஆம் கணினிக்கு அனுப்புகின்றது. மற்றொரு கணினிக்கு வேறொரு துறை. துறையிலக்கம் 16 பிற்றுகளால் ஆனதாதலின் ஒரு வெளிமுகவரியின் கீழ் 65,536 இலக்கங்கள் உண்டு. சிறு கந்தோருக்கு இது மிகுதி. நெடுநேரம் பேச்சில்லாத பதிவுகள் அழிக்கப்படும்.

இங்ஙனம் உறையை மட்டும் திருத்துவது எல்லாவிடத்தும் போதாது. கோப்புகளைப் பரிமாறும் எவ்.ரி.பி. என்னும் பழைய நெறிமுறை, முகவரியைக் கடிதத்தின் உள்ளேயும் எழுதிவிடும். ஆகவே வழிப்படுத்தி கடிதத்தையும் பிரித்துப் படித்துத் திருத்த வேண்டியதாயிற்று. இடைநின்ற தபாற்காரன் கடிதத்தைப் படித்தல் எவ்வளவு தகும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1994 ஜூலையில் எலியட் லியர் முதலிய நால்வர், தனிமுகவரி ஒதுக்கீட்டைக் கண்டித்து 1627ஆவது ஆவணத்தை வெளியிட்டனர். முகவரி உலகில் ஒன்றே ஒன்றாய் இருக்கும் என்ற அடிப்படை இதனால் உடைகின்றது என்பதும், தனிமுகவரி கொண்ட இரு நிறுவனங்கள் ஒன்றாகும்போது ஒரே இலக்கங்கள் மோதும் என்பதும் அவர்களின் வாதம். இரண்டும் பின்னர் மெய்யாயின. எனினும் 1996 பெப்ரவரியில் அவ்வொதுக்கீடு திருத்தமுற்று 1918ஆவது ஆவணமாக வந்தபோது, அதன் ஆசிரியர் ஐவருள் லியரும் ஒருவராயிருந்தார். கொள்கை தோற்றதெனல் பொருந்தாது, தேவை முந்திக்கொண்டது.

இழப்பு யாதெனின், கந்தோர்க் கணினி வெளியே அழைக்கவல்லதாயிருந்தும், வெளியிலிருந்து அழைக்கப்படத் தக்கதாயில்லை. பதிவேட்டில் இல்லாத பொதி வந்தால் வழிப்படுத்தி அதனை எவரிடம் கொடுப்பதென அறியாது கைவிடும். இரு கந்தோர்க் கணினிகள் நேரே உரையாட வேண்டுமாயின், வாயிலில் தனியே ஏற்பாடு செய்யப்படாவிடின், பொதுமுகவரியுடைய மூன்றாம் கணினி ஒன்றின் துணை வேண்டும். சமமாயிருந்தோர் சேவை தருவோர், பெறுவோர் என இருவகையாயினர். இக்கைவிடுதலைப் பலர் காவலென்று கருதிவிட்டனர். வெளியார் தானாக நுழைவதை அது தடுக்கும்; உள்ளிருப்பவர் அறியாது அழைத்துவரும் தீங்கை அது தடுக்காது.

நிலையான தீர்வாக 128 பிற்று முகவரிகொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பு 1995 டிசெம்பரில் வகுக்கப்பட்டது; 1977இல் விலக்கப்பட்ட அதே நீளம். ஆயின் அது பழைய பதிப்போடு நேரே பேசாது. இரண்டையும் ஒருங்கே பேணல் வேண்டும். தற்காலிக ஏற்பாடு நன்றாய் நடந்தமையின் மாறுதற்கு எவரும் விரையவில்லை. 2011 பெப்ரவரி 3ஆந் திகதி பழைய முகவரிகளின் உலகப் பொதுக் களஞ்சியம் தீர்ந்தது. இலங்கையும் அடங்கிய ஆசிய பசிபிக் பகுதிக்குரிய ஏப்நிக் நிறுவனம், அவ்வாண்டு ஏப்ரல் 15ஆந் திகதி தன் கடைசித் தொகுதியை எட்டியது. அதிலிருந்து ஓர் உறுப்பினர் பெறத்தக்கது 1,024 முகவரிகளே என வரையறுத்தது.

இணையச் சேவை வழங்குவோரும் அதன்பின் கந்தோர்களின் வழியைப் பின்பற்றினர். 2012 ஏப்ரலில் அவர்களுக்கென 4,194,304 முகவரிகள் ஒதுக்கப்பட்டன. கந்தோர் வழிப்படுத்தி காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான இலக்கங்களுள் ஒன்றுடன் தொடங்குமாயின், அதுவும் ஒரு கோயில் வீதி இலக்கமே. அத்தகைய கந்தோரின் பொதி வாயிலில் ஒருமுறையும், சேவை வழங்குவோரின் நிலையத்தில் மற்றொருமுறையும் முகவரி மாறி, அயலிலுள்ள பலர் பகிரும் ஒரே முகவரியோடு வெளியுலகுக்குச் செல்கின்றது.