பறக்கும் இல்லத்தரசி

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கென இருந்த தடகளப் போட்டிகள் ஒன்பதே. அவற்றுள் நான்கில் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கூன். வயது 30, இரு குழந்தைகளின் தாய். பத்திரிகைகள் அவருக்குச் சூட்டிய பெயர் 'பறக்கும் இல்லத்தரசி'. ஆங்கில மூலத்தில் இல்லாத அரசுரிமையை நம் தமிழ்ச்சொல் அவருக்கு வழங்கிவிடுகிறது. ஆயினும் அப்பெயரைப் பாராட்டாகக் கொள்ள நாம் தயங்குகிறோம்.

18 வயதில் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் சென்று ஜெஸ்ஸி ஓவன்சிடம் கையொப்பம் வாங்கித் திரும்பிய பெண் அவர். 1940இல் தம் பயிற்சியாளர் யான் பிளாங்கர்ஸை மணந்தார். யான் 1928 ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டலில் பங்குகொண்டவர்; பெண்கள் விளையாட்டுப் போட்டிகளில் இறங்கலாகாது என்று தொடக்கத்தில் கருதியவரும்கூட. 1941இல் மகன் பிறந்தபோது, இவருடைய ஓட்டம் முடிந்தது என்றே நாட்டுப் பத்திரிகைகள் முடிவுகட்டின. அவரோ சில வாரங்களில் பயிற்சிக்குத் திரும்பினார். ஜெர்மானியப் படை நாட்டை ஆண்ட காலம் அது. அக்காலத்திலேயே, 1943இல், உயரம் தாண்டலில் 1.71 மீட்டரும் நீளம் தாண்டலில் 6.25 மீட்டரும் உலகச் சாதனைகளாயின. 1946இல் மகள் பிறந்தாள். அதே ஆண்டு ஓஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் தடை ஓட்டத்திலும் தொடரோட்டத்திலும் வென்றார்.

வீட்டையும் ஓட்டத்தையும் அவர் இணைத்த முறை மிக எளிது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். குழந்தைகளும் உடன் வருவார்கள். தாய் ஓட, அவர்கள் மைதானத்திலேயே விளையாடிக்கொண்டிருப்பார்கள். நாள்தோறும் ஓடுவோர் இதைப் பயிற்சி என்று ஏற்பார்களோ, அறியோம். கணவரே பயிற்சியாளராக வாய்த்ததும் ஒரு வசதி. ஆனால் அவ்வசதி ஊர் வாயை மூடவில்லை. குழந்தைகளோடு வீட்டில் இருக்கவேண்டியவள், குட்டைக் காற்சட்டையோடு ஓடலாமா என்று கடிதங்கள் குவிந்தன. பிரித்தானிய அணியின் மேலாளர் ஜாக் கிரம்ப், இவருக்கு வயது கடந்துவிட்டது என்றார். அதே இலண்டனில் ஓடிய தந்தையரைப் பார்த்து, பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தீர் என்று யார் கேட்டிருப்பார்? திருமண அழைப்பிதழோடு வரும் மாணவியர் பலர் அன்றோடு மைதானத்தை மறப்பதைக் கல்லூரியில் ஆண்டுதோறும் காணும் நமக்கு, இக்கேள்வி தொலைவில் உள்ளதாகத் தோன்றவில்லை.

100 மீட்டரில் எளிதாக வென்றார். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் அவருக்கும் இங்கிலாந்தின் மொரீன் கார்ட்னருக்கும் ஒரே நேரம், 11.2 விநாடி. முடிவுக்குக் காத்திருக்கையில் பிரித்தானிய நாட்டுப்பண் ஒலிக்கவே, தோற்றோம் என்று நினைத்தார்; அது அரச குடும்பத்தின் வருகைக்காக இசைக்கப்பட்டது. இரண்டு தங்கம் கைக்கு வந்தபின் மனம் உடைந்தது. வீட்டு நினைவு தாளாமல் அழுதார். 200 மீட்டரில் ஓடாமல் திரும்பிவிடவும் எண்ணினார். யான் வற்புறுத்தவில்லை, ஓடாவிட்டால் பின்னர் வருந்துவாய் என்று மட்டும் உணர்த்தினார். சேறான தடத்தில் 24.4 விநாடியில் ஓடி முடித்தார். அடுத்து வந்தவர் 0.7 விநாடி பின்தங்கினார். தொடரோட்டத்தில் இறுதிக் கட்டத்தை ஓடி நான்காவது தங்கம். தனிப் போட்டிகள் மூன்றுக்கு மேல் கூடாது என்ற விதியால் தாண்டல் போட்டிகளில் அவர் இறங்கவில்லை. அவ்விரண்டிலும் அங்கே வென்றோரின் அளவுகள் அவருடைய சாதனைகளை எட்டவில்லை.

ஆம்ஸ்டர்டாம் அவரை வெண்குதிரைகள் பூட்டிய வண்டியில் ஊர்வலமாக அழைத்துச் சென்றது. இனியேனும் இவ்வளவு ஓடவேண்டாம் என்று அண்டைவீட்டார் ஒரு மிதிவண்டியைப் பரிசளித்தனர். 1950இல் பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டியில் மேலும் மூன்று தங்கம் வென்றார். 1955இல், 37 வயதில், குண்டு எறிதலில் பெற்ற தேசியப் பட்டமே அவருடைய கடைசிப் பட்டம்.